காளையின் பாலை எப்படி அளப்பது?

ஆவடிக்கு வடக்கே, செங்குன்றத்துக்கு மேற்கே இருக்கிறது அலமாதி. சென்னைவாசிகள் பலருக்குப் பெயரளவில்கூடத் தெரியாத இந்த ஊரில் இந்தியக் கால்நடை வளர்ப்புக்கு முக்கியமான இரண்டு நிறுவனங்கள் இருக்கின்றன. ஒன்று, முர்ரா எருமைகளைப் பராமரித்து, இனவிருத்திக்கான கிடாக்களை உருவாக்கும் மத்திய அரசின் பண்ணை. மற்றொன்று, தேசிய பால்வள மேம்பாட்டு வாரியத்தின் துணை நிறுவனம் நடத்தும் உறைவிந்து நிலையம். மாடு பருவத்துக்கு வந்ததும் கால்நடை மருந்தகத்தில் போடும் சினை ஊசிக்கான விந்துக்குச்சிகள் இப்படிப்பட்ட நிலையங்களிலிருந்துதான் ஊர்களுக்குப் போகின்றன.

ஒரு குச்சியில் இருப்பது கால் மில்லி. அதற்குள் சுமார் 2 கோடி விந்தணுக்கள். மைனஸ் 196 டிகிரி செல்சியஸில் திரவ நைட்ரஜனுக்குள் அது பல ஆண்டுகள் கெடாமல் இருக்கும். நல்ல பொலிகாளை ஒன்றிடமிருந்து ஆண்டுக்கு ஆயிரக்கணக்கில் குச்சிகள் கிடைக்கும். ஒரு பசு தன் ஆயுளில் ஐந்தாறு கன்று போட்டாலே பெரிது. காளைக்கோ ஊர் ஊராக மகள்கள் பிறப்பார்கள். காளையைச் சரியாகத் தேர்ந்தெடுத்தால் அந்த நன்மை ஆயிரம் கொட்டகைகளுக்குப் போகும். தவறாகத் தேர்ந்தெடுத்தால் நட்டமும் அதே ஆயிரம் கொட்டகைகளுக்குத்தான் போகும்.

இங்கேதான் சிக்கல். காளை பால் கறப்பதில்லை. கறக்காத விலங்கின் பால் திறனை எப்படி அளப்பது? சென்ற நூற்றாண்டு முழுவதும் விலங்கு இனவிருத்தி அறிவியலை ஓடவைத்த கேள்வி இது. அதற்கான இன்றைய விடை, கன்று பிறந்த சில வாரங்களிலேயே அதன் டி.என்.ஏ.வைப் படித்து, அதன் மகள்கள் எவ்வளவு கறப்பார்கள் என்று கணிப்பது. இதற்கு மரபணுத்தொகைத் தேர்வு என்று பெயர். வியப்பூட்டும் தொழில்நுட்பம்தான். ஆனால் இதன் உண்மையான மூலதனம் ஆய்வகத்தில் இல்லை. மாதம் ஒருமுறை மாட்டுக் கொட்டகையில் பாலை அளந்து எழுதிவைக்கும் வேலையில்தான் இருக்கிறது.

தாயின் பால் போதாதா?

மாடு வாங்கப் போகும் எவரும் முதலில் கேட்பது, "தாய் எத்தனை லிட்டர் கறந்தது?" என்பதுதான். நியாயமான கேள்வி. ஆனால் அந்த விடை பாதி தூரம்கூட நம்மைக் கொண்டுசேர்க்காது.

முதல் காரணம், பால் அளவில் தீவனத்துக்கும் கவனிப்புக்கும் பெரிய பங்கு உண்டு. ஒரே மந்தையில் இரண்டு பசுக்களுக்கு இடையே தெரியும் பால் வித்தியாசத்தில் சுமார் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரைதான் பரம்பரையால் வருவது. மீதியெல்லாம் பசுந்தீவனம், வெயில், எத்தனையாவது ஈத்து, மடிநோய் வந்ததா இல்லையா என்பவற்றைப் பொறுத்தது. அம்பத்தூரில் தவிடும் புண்ணாக்கும் தாராளமாகக் கிடைத்த மாடு பன்னிரண்டு லிட்டர் கறந்ததும், வறண்ட ஊரில் வைக்கோலை மட்டும் தின்ற மாடு ஏழு லிட்டர் கறந்ததும் அவற்றின் மரபைப் பற்றி எதையும் நிச்சயமாகச் சொல்லிவிடாது.

இரண்டாம் காரணம் இன்னும் ஆழமானது. கன்றுக்குத் தாயின் மரபணுக்களில் பாதியும் தந்தையின் மரபணுக்களில் பாதியும் வருகின்றன. எந்தப் பாதி என்பது ஒவ்வொரு முறையும் மாறும். மாட்டுக்கு 30 ஜோடி குரோமோசோம்கள். ஒவ்வொரு ஜோடியிலும் துண்டுகள் இடம் மாறிக் கலந்து, ஒரு பாதி மட்டும் கன்றுக்குப் போகிறது. அதனால் ஒரே தாய்க்கும் ஒரே தந்தைக்கும் பிறந்த இரண்டு காளைக் கன்றுகளில் ஒன்று சிறந்த பொலிகாளையாகவும் மற்றது சராசரியாகவும் இருக்கலாம். ஓர் இனத்துக்குள் காணப்படும் மரபு வேறுபாட்டில் ஏறத்தாழ பாதி, இப்படி ஒரே குடும்பத்துக்குள் பிறக்கும் வேறுபாடுதான். வம்சாவளிப் பட்டியல் இந்த வேறுபாட்டைக் காட்டவே காட்டாது. அதில் அண்ணனுக்கும் தம்பிக்கும் ஒரே மதிப்பெண்தான்.

ஏழு ஆண்டுக் காத்திருப்பு

வம்சாவளியால் முடியாததைச் செய்ய வந்தது சந்ததிச் சோதனை. காளையை அதன் மகள்களை வைத்து எடைபோடும் முறை அது. இளங்காளையின் விந்தைப் பல ஊர்களுக்கு அனுப்பி, பிறக்கும் கிடாரிகளுக்குக் காதுவில்லை மாட்டி, அவை வளர்ந்து முதல் ஈத்து ஈன்றதும் பாலை அளக்கிறார்கள். பால் அளப்பவர் மாதம் ஒரு நாள், காலையும் மாலையும் கறக்கும் நேரத்தில் கொட்டகைக்குப் போய் அளவைப் பதிவு செய்கிறார். கொழுப்பு பார்க்க மாதிரியும் எடுக்கிறார். ஓர் ஈத்துக்கு 305 நாள் கணக்கு.

மகள்கள் பல ஊர்களில், பல வகைக் கொட்டகைகளில் சிதறியிருப்பதே இந்த முறையின் பலம். ஒருத்தி வசதியான வீட்டில் இருப்பாள், மற்றவள் வறண்ட ஊரில் இருப்பாள். ஐம்பது, நூறு மகள்களை எடுத்து, ஊர், பருவம், கன்று ஈன்ற வயது ஆகியவற்றின் விளைவைக் கணக்கால் நீக்கிவிட்டால், மிஞ்சுவது தந்தை கொடுத்த பங்கு. அதைத்தான் இனவிருத்தி மதிப்பு என்கிறோம். அமெரிக்காவில் ஜே லஷ் இந்தச் சிந்தனைக்கு அடித்தளம் இட்டார். கார்னெல் பல்கலைக்கழகத்தின் சார்லஸ் ஹெண்டர்சன், சமமில்லாத மந்தைகளின் பதிவுகளிலிருந்தும் நேர்மையான மதிப்பீட்டைப் பிரித்தெடுக்கும் கணிதத்தை உருவாக்கினார். இன்றும் உலகின் காளை மதிப்பீடுகள் அந்தக் கணிதத்தின் மேல்தான் நிற்கின்றன.

இந்தியாவில் 2012ஆம் ஆண்டுக்குப் பிறகு தேசிய பால்வளத் திட்டத்தின் முதல் கட்டத்தில் இந்தச் சோதனை விரிவான அளவில் நடந்தது. தமிழ்நாட்டில் கலப்பின ஜெர்சிக்காக நடந்தது. ஒன்றிரண்டு மாடு வைத்திருக்கும் சிறு விவசாயிகளின் கொட்டகைகளே அதன் ஆய்வுக்கூடங்கள்.

ஆனால் காலம் பிடிக்கிறது. காளைக்கு வயது வந்து, சோதனை ஊசி போட்டு, மகள் பிறந்து, வளர்ந்து, சினை பிடித்து, கன்று ஈன்று, பத்து மாதம் கறந்து முடிப்பதற்குள் காளைக்கு ஆறேழு வயது கடந்துவிடும். நல்ல காளை என்று தெரியும்போது அது முதுமையை நெருங்கியிருக்கும். சில வேளை உயிரோடும் இருக்காது.

மைல்கற்களைப் படிக்கும் சிப்

2001ஆம் ஆண்டு தியோ மியூவிஸன், பென் ஹேஸ், மைக் கோடார்ட் என்ற மூன்று அறிவியலாளர்கள் ஒரு துணிச்சலான யோசனையை வெளியிட்டார்கள். பாலுக்குக் காரணமான மரபணு எது என்று ஒவ்வொன்றாகத் தேடிக்கொண்டிருக்க வேண்டாம். மரபணுத்தொகை முழுவதிலும் நெருக்கமாக அடையாளப் புள்ளிகளை வைத்து, எல்லாவற்றின் விளைவையும் ஒரே நேரத்தில் கணித்துவிடலாம் என்றார்கள். அவ்வளவு புள்ளிகளை மலிவாகப் படிக்கும் கருவி அன்று இல்லை.

சில ஆண்டுகளில் அது வந்துவிட்டது. 2009இல் மாட்டின் மரபணுத்தொகை முழுமையாக வெளியானது. அதற்குச் சற்று முன்பே, சுமார் 54,000 புள்ளிகளை ஒரே நேரத்தில் படிக்கும் சிப் விற்பனைக்கு வந்திருந்தது. மாட்டின் டி.என்.ஏ. ஏறத்தாழ 270 கோடி எழுத்துகள் கொண்டது. பெரும்பாலான இடங்களில் எல்லா மாடுகளுக்கும் ஒரே எழுத்துதான். சில இடங்களில் மட்டும் ஒரு மாட்டுக்கு ஓர் எழுத்தும் மற்றொரு மாட்டுக்கு வேறு எழுத்தும் இருக்கும். சிப் படிப்பது இந்த ஓரெழுத்து மாற்றங்களைத்தான்.

இந்தப் புள்ளிகளில் பெரும்பாலானவை தாமாகப் பாலைக் கூட்டுவதுமில்லை, குறைப்பதுமில்லை. அவை நெடுஞ்சாலை மைல்கற்களைப் போன்றவை. பூந்தமல்லியைத் தாண்டி பெங்களூர் சாலையில் நிற்கும் கல் ஓர் ஊர் அல்ல. ஆனால் அந்தக் கல்லைப் பார்த்தால் அருகில் எந்த ஊர் என்று தெரிந்துவிடும். டி.என்.ஏ.வில் பக்கத்தில் பக்கத்தில் இருப்பவை பெரும்பாலும் சேர்ந்தே அடுத்த தலைமுறைக்குப் போவதால், ஒரு புள்ளியில் இந்த எழுத்து இருந்தால் பக்கத்து மரபணுவின் நல்ல வடிவம் இருக்க வாய்ப்பு அதிகம் என்று சொல்ல முடிகிறது.

பெரிய விளைவுள்ள மரபணுக்கள் சில உண்டு. 14ஆம் குரோமோசோமில் இருக்கும் டிகாட்1 என்ற மரபணு பாலின் கொழுப்பைக் கணிசமாக மாற்றும் என்று 2002இல் தெரியவந்தது. நம் நாட்டு மாடுகளிலும் எருமைகளிலும் கொழுப்பைக் கூட்டும் வடிவமே மிகுதி. கூட்டுறவுச் சங்கத்தில் கொழுப்பும் கொழுப்பற்ற திடப்பொருளும் பார்த்துப் பணம் வாங்கும் விவசாயிக்கு இதன் பொருள் உடனே விளங்கும். ஆனால் இது விதிவிலக்கு. பால் அளவு, சினை பிடிக்கும் திறன், மடி அமைப்பு போன்றவற்றை ஆயிரக்கணக்கான மரபணுக்கள் ஆளுக்குக் கொஞ்சமாகத் தீர்மானிக்கின்றன. அதனால்தான் எல்லாப் புள்ளிகளையும் கூட்டிப் பார்க்கும் முறை வென்றது.

ஒவ்வொரு புள்ளிக்கும் எவ்வளவு மதிப்பு என்று கணினிக்கு யார் சொல்வது? அதற்கு ஓர் ஆதார மந்தை வேண்டும். டி.என்.ஏ.வும் படிக்கப்பட்டு, பாலும் அளக்கப்பட்ட ஆயிரக்கணக்கான மாடுகளின் கூட்டம் அது. அவற்றின் எழுத்துகளையும் பால் பதிவுகளையும் ஒப்பிட்டுத்தான் புள்ளிகளின் மதிப்பு கிடைக்கிறது. பிறகு புதிதாகப் பிறந்த கன்றின் எழுத்துகளைப் படித்து, மதிப்புகளைக் கூட்டினால் கணிப்பு தயார். அண்ணனுக்கும் தம்பிக்கும் இப்போது வெவ்வேறு மதிப்பெண்கள். வம்சாவளி காட்டாத பாதி இங்கே தெரிந்துவிடுகிறது.

வேகமா, துல்லியமா?

டி.என்.ஏ. கணிப்பு சந்ததிச் சோதனையைவிடத் துல்லியம் குறைந்தது. பிறகு ஏன் உலகம் அதற்கு மாறியது? ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். புரிவதற்காக எடுத்துக்கொண்ட எண்கள் இவை. சந்ததிச் சோதனையின் துல்லியம் 90, காத்திருப்பு 7 ஆண்டு. ஆண்டுக்கு 13 கிடைக்கிறது. டி.என்.ஏ. கணிப்பின் துல்லியம் 70, காத்திருப்பு 3 ஆண்டு; ஆண்டுக்கு 23. ஆதார மந்தை சிறியதாக இருந்து துல்லியம் 50ஆகக் குறைந்தாலும் ஆண்டுக்கு 17 வருகிறது. இனத்தின் முன்னேற்றம் ஒரு தலைமுறையில் எவ்வளவு என்பதைவிட, ஓர் ஆண்டில் எவ்வளவு என்பதே முக்கியம்.

அமெரிக்காவில் ஹோல்ஸ்டீன், ஜெர்சி இனங்களுக்கு 2009 ஜனவரியில் அதிகாரபூர்வ டி.என்.ஏ. மதிப்பீடு தொடங்கியது. அடுத்த சில ஆண்டுகளில், காளைகளின் தந்தையாக ஒரு காளை பயன்படும் சராசரி வயது சுமார் ஏழிலிருந்து இரண்டரைக்கும் கீழே வந்துவிட்டது. பால் உற்பத்தித் திறனின் ஆண்டு முன்னேற்றம் ஏறத்தாழ ஒன்றரை முதல் இரண்டு மடங்கானது.

இதில் ஒரு நடைமுறைப் பாடம் உண்டு. துல்லியம் குறைந்த கணிப்பு தனி ஒரு காளை விஷயத்தில் பொய்க்கலாம். பத்து இளங்காளைகளின் சராசரியில் பொய்ப்பது அரிது. ஆகவே ஒரே நட்சத்திரக் காளையின் குச்சிகளை ஊரெங்கும் கொடுப்பதைவிட, கணிப்பில் முன்னிற்கும் பல இளங்காளைகளைக் கலந்து கொடுப்பதே அறிவுடைமை.

விஸ்கான்சின் கணக்கு திருவள்ளூருக்கு ஆகாது

அமெரிக்காவில் எல்லாம் கணக்கிட்டு வைத்திருக்கிறார்களே, அதையே எடுத்துக்கொள்ளலாமா என்றால், முடியாது. மைல்கற்கள் அந்தச் சாலைக்காக நடப்பட்டவை. ஹோல்ஸ்டீனில் ஒரு புள்ளிக்குப் பக்கத்தில் நல்ல மரபணு இருந்தால், நம் நாட்டு இனமான கிர் மாட்டில் அதே புள்ளிக்குப் பக்கத்தில் வேறு வடிவம் இருக்கலாம். இனங்கள் பிரிந்து பல ஆயிரம் ஆண்டுகளில் அந்தச் சேர்க்கை கலைந்துவிட்டது. மேலும் முதல் சிப்பில் இருந்த புள்ளிகள் பெரும்பாலும் ஐரோப்பிய இனங்களில் கண்டெடுத்தவை. திமில் கொண்ட நம் மாடுகளில் அவற்றில் பல, மாடு மாட்டுக்கு வேறுபடவே இல்லை. எல்லாருக்கும் ஒரே எழுத்து இருக்கும் இடத்தைப் படித்து என்ன பயன்? எருமையோ வேறு விலங்கு. முர்ராவுக்கு 50 குரோமோசோம்கள், மாட்டுக்கு 60.

நம் கலப்பின ஜெர்சிகள் இன்னும் சிக்கலானவை. ஒரு மாட்டின் ஒரு குரோமோசோமில் சில துண்டுகள் ஜெர்சியிடமிருந்து வந்திருக்கும், சில துண்டுகள் நாட்டு மாட்டிடமிருந்து. ஒவ்வொரு மாடும் ஒவ்வொரு விதமான கலவை. இதற்கெல்லாம் நமக்கென்று சிப் வேண்டும், நமக்கென்று ஆதார மந்தையும் வேண்டும். தேசிய பால்வள மேம்பாட்டு வாரியம் நாட்டு மாடுகளுக்கும் கலப்பினங்களுக்கும் இண்டஸ்சிப், எருமைக்கு பஃப்சிப் என்று உருவாக்கியது. ஹைதராபாத்தில் உள்ள தேசிய விலங்கு உயிரித்தொழில்நுட்ப நிறுவனம் 2021 ஆகஸ்டில் இண்டிகாவ் சிப்பை வெளியிட்டது. 2024 அக்டோபர் 5 அன்று மகாராஷ்டிரத்தின் வாசிமில், நாட்டுக்கே பொதுவான கௌசிப், மகிஷ்சிப் இரண்டும் அறிமுகமாயின.

தட்பவெப்பமும் சேர்ந்துகொள்கிறது. அமெரிக்க மாநிலமான விஸ்கான்சினின் குளிரில், அளந்து கலந்த தீவனம் தின்று சிறக்கும் காளையின் மகள், ஆவடியின் மே மாத வெயிலில், தகரக் கொட்டகையின் கீழ் அதே போலச் சிறக்க வேண்டிய கட்டாயம் இல்லை. வெக்கையில் மூச்சிரைத்துத் தீவனம் குறைத்துக்கொள்ளும் மாட்டுக்கு அதிகப் பால் திறன் சுமையாகவே முடியும். எந்தச் சூழலில் மாடு வாழப்போகிறதோ, அந்தச் சூழலில் அளந்த பாலே நம்பகமான ஆதாரம்.

இறைச்சிக்கான காளையிலும் இதே கணக்குதான்

அமெரிக்காவின் ஆங்கஸ் வளர்ப்பவர்களும் ஆஸ்திரேலியப் பண்ணையாளர்களும் இறைச்சிக்கான பொலிகாளையை இப்போது டி.என்.ஏ. கணிப்போடு சேர்த்தே வாங்குகிறார்கள். அங்கே சிக்கல் கொஞ்சம் வேறு. வளரும் எடையைக் காளையிடமே அளந்துவிடலாம். இறைச்சியின் மென்மையை உயிருள்ள காளையிடம் முழுமையாக அளக்க முடியாது. மகள் எத்தனை வயதில் முதல் கன்று ஈனுவாள், எவ்வளவு எளிதாக ஈனுவாள் என்பதும் காளையின் உடம்பில் தெரியாது. டி.என்.ஏ. கணிப்பு அதிகம் உதவுவது இந்த இடங்களில்தான்.

இதில் நமக்கு நெருக்கமான வரலாறு ஒன்றும் உண்டு. பிரேசிலின் இறைச்சி மந்தையில் பெரும்பகுதி நெலோர் இனம். சென்னைக்கு வடக்கே, ஆந்திரக் கடலோரத்து ஓங்கோல் மாடுகளின் வழித்தோன்றல்கள் அவை. 1868 முதல் 1960கள் வரை பல கட்டமாகக் கப்பலேறிப் போனவை. பிரேசில் அவற்றை எடை போட்டது, கன்று ஈனும் வயதைக் குறித்தது, லட்சக்கணக்கான பதிவுகளைச் சேர்த்தது. இன்று நெலோர் காளைகளுக்குத் திறமான டி.என்.ஏ. மதிப்பீடு உண்டு. மாடு நம்முடையது. பதிவு மட்டும் அவர்களுடையது.

பாலை மட்டும் பார்த்தால்

வேகமான கருவி தவறான திசையிலும் வேகமாகக் கொண்டுபோகும். 1962இல் அமெரிக்காவில் பிறந்த சீஃப் என்ற ஹோல்ஸ்டீன் காளைக்கு 16,000 மகள்கள், 5 லட்சம் பேத்திகள். பாலில் அவன் வம்சம் கொடுத்த லாபம் கோடிக்கணக்கான டாலர். ஆனால் அவனிடம் ஒரு மறைந்த மரபணுப் பழுது இருந்தது. தந்தை வழியிலும் தாய் வழியிலும் அதைப் பெற்ற கரு வயிற்றிலேயே அழிந்துவிடும். உலகெங்கும் சுமார் 5 லட்சம் கருக்கள் இப்படி அழிந்தன என்று பிற்பாடு கணக்கிட்டார்கள். விவசாயிக்குத் தெரிந்ததெல்லாம், ஊசி போட்டும் மாடு சினை நிற்கவில்லை என்பதுதான். அந்தப் பழுதைக் கண்டுபிடித்ததும் டி.என்.ஏ. ஆய்வுதான். இன்று காளைக்கன்றிலேயே அதைச் சோதித்து விலக்கிவிடலாம்.

பாலை மட்டும் குறிவைத்துத் தேர்ந்தெடுத்ததால், சென்ற நூற்றாண்டின் பிற்பாதியில் ஹோல்ஸ்டீனின் சினைபிடிக்கும் திறன் சரிந்தது. அதிகப் பாலுக்கும் எளிதில் சினை பிடிப்பதற்கும் மரபளவிலேயே ஓரளவு முரண் உண்டு. நாலு முறை ஊசி போட்டும் நிற்காத மாட்டை வைத்துக்கொண்டு அல்லாடும் குடும்பத்துக்கு இரண்டு லிட்டர் கூடுதல் பால் ஆறுதல் ஆகாது. ஆகவே பால், கொழுப்பு, சினை, மடி, வெப்பம் தாங்குதல் எல்லாவற்றையும் எடைபோட்டு ஒரே மதிப்பெண்ணாக்க வேண்டும். அந்த எடைகளை நம் விவசாயியின் வரவு செலவை வைத்து முடிவு செய்ய வேண்டும்.

அளந்ததைத்தான் கணிக்க முடியும்

சிப்பை விலைக்கு வாங்கலாம், கணினியையும் வாங்கலாம். மதுராந்தகத்திலோ எடப்பாடியிலோ ஒரு கலப்பின மாடு முதல் ஈத்தின் ஏழாம் மாதத்தில் காலையில் எத்தனை லிட்டர் கறந்தது என்ற தகவலை எந்த நாட்டிலிருந்தும் இறக்குமதி செய்ய முடியாது. அதை எழுதிவைக்காமல் விட்டால் பிறகு எவராலும் மீட்க முடியாது. தலைமுறைகள் மாற மாற, புள்ளிகளுக்கும் மரபணுக்களுக்கும் உள்ள சேர்க்கை கலைந்துகொண்டே போவதால், ஒருமுறை அளந்துவிட்டு நிறுத்தவும் முடியாது. அளப்பது நின்றால், சில தலைமுறைகளில் கணிப்பும் மங்கிவிடும். பால் அளப்பவருக்கு மாதாமாதம் கிடைக்கும் ஊதியம்தான் இந்தத் தொழில்நுட்பத்தின் உயிர்நாடி. திட்டக் காலம் முடிந்ததும் அதை வெட்டுவது, ஆய்வகத்தின் மின்சாரத்தை வெட்டுவதற்குச் சமம்.

விவசாயிக்கும் இதில் பங்கு உண்டு. விந்துக்குச்சியின் மேல் காளையின் எண் அச்சிட்டிருக்கும். ஊசி போட வருபவரிடம் அந்த எண்ணைக் கேட்டுக் குறித்துவைக்க வேண்டும். கிடாரி பிறந்தால் 12 இலக்கக் காதுவில்லையோடு தந்தையின் எண்ணும் பதிவாகிவிட்டதா என்று பார்க்க வேண்டும். தந்தை யாரென்று தெரியாத பசுவின் பால் பதிவால் தந்தையின் மதிப்பீடு ஒரு துளிகூடக் கூடாது. காளையின் இனவிருத்தி மதிப்பைக் கேட்பதும் விவசாயியின் உரிமைதான். கேட்கக் கேட்கத்தான் அதைச் சொல்லும் வழக்கம் வரும்.

காங்கேயம், உம்பளாச்சேரி, பர்கூர், புலிக்குளம் போன்ற நம் இனங்களுக்கு இது இன்னும் அவசரம். உழவுக்கும் வண்டிக்கும் வளர்த்த இந்த இனங்களுக்குப் போதிய பால் பதிவோ, வெப்பம் தாங்கும் திறனின் பதிவோ, நோய் எதிர்ப்பின் பதிவோ நம்மிடம் இல்லை. இன்று ஒரு காங்கேயம் காளையின் டி.என்.ஏ.வைப் படித்தால், இனத் தூய்மையையும் நெருங்கிய உறவுக் கலப்பையும் சொல்லலாம். அதன் மகள் எப்படி இருப்பாள் என்று சொல்ல, முதலில் பல நூறு மகள்களை அளந்திருக்க வேண்டும். தமிழ்நாட்டில் 2019 கணக்கெடுப்பின்படி 95 லட்சம் மாடுகள் உள்ளன. எருமைகளோ 5 லட்சமாகச் சுருங்கிவிட்டன. எண்ணிக்கை குறையக் குறைய ஆதார மந்தை அமைக்கும் வாய்ப்பும் குறையும். பால் அளக்கும் தராசும் நோட்டும் இந்த இனங்களின் சொந்த ஊர்களுக்கு, அவற்றின் கொட்டகைகளுக்கு, இந்த ஆண்டே போக வேண்டும்.